எட்டாவது முடித்த மகளை மெட்ரிக் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் சாரம்: மகள் காரைக்குடிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். ஜூனில் ஒன்பதாம் வகுப்பை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ தொடர வைக்க வேண்டும். டி.சி.யை (மாற்றுச் சான்றிதழை) எப்போது கேட்பது, கட்டண பாக்கியைக் காட்டி இழுத்தடித்தால் என்ன செய்வது?

ஒன்பதாவது மாற்றத்துக்குச் சரியான வகுப்பு. பத்தாவதில் மாற்ற நினைத்தால் கூடுமானவரை வேண்டாம் என்பேன். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் நேரத்தில் பிள்ளையின் பெயர் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே தொங்கினால், அதைச் சரிசெய்யப் பெற்றோர் படும் பாடு பெரிது. பாடத்திட்டம் மாறிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். 2011-12 முதல் மெட்ரிக், அரசு, உதவி பெறும் பள்ளி எல்லாவற்றிலும் பத்தாவது வரை சமச்சீர்க் கல்விதான். ஆங்கில வழியிலிருந்து ஆங்கில வழிக்கே போனால் புத்தகம்கூட அதேதான்.

டி.சி.க்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா? நம் பக்கத்தில் இதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, சுற்றுவட்டாரத்தில் நகரத்தார் அறக்கட்டளைகளும் கிறிஸ்தவ சபைகளும் தொடங்கிய பழைய பள்ளிகள் நிறைய. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் இலவசம், அதனால் ஊரில் எல்லோரும் அவற்றையும் ‘கவர்மெண்ட் பள்ளிக்கூடம்’ என்றே சொல்வார்கள். சலுகை என்று வரும்போது இரண்டும் ஒன்றல்ல.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு (2020 சட்டம்), பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் அதே 7.5 சதவீதம் (2021 சட்டம்) இரண்டுமே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளி இதில் சேராது. மெட்ரிக்கில் படித்த பிள்ளைக்கு இந்த வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் (நலிந்த பிரிவினருக்காக ஒதுக்கி, அரசே கட்டணம் செலுத்தும் இடம்) தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே விலக்கு இருக்கிறது.

ஆகவே முதல் கேள்வி: உங்கள் மகள் 25 சதவீதத்தில் சேர்ந்தவளா? ஆம் என்றால், எட்டாவதோடு அரசு அவளுக்காகக் கட்டணம் செலுத்துவது நின்றுவிடும். ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம் உங்கள் தலையில். அப்படியானால் அரசு மேல்நிலைப் பள்ளியையே தேர்ந்தெடுங்கள். எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் உதவி பெறும் பள்ளி வேண்டாம். டி.சி. வாங்கும் அன்றே, ‘இன்ன வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 25 சதவீத ஒதுக்கீட்டில் படித்தார்’ என்று பழைய பள்ளியிலிருந்து தனிச் சான்று ஒன்றும் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி வையுங்கள். நான்கு வருடம் கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் போய்க் கேட்டால் முதல்வர் மாறியிருப்பார், பதிவேடு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள்.

25 சதவீதத்தில் சேராதவள் என்றால் 7.5 சதவீதம் எப்படியும் கிடைக்காது, அதனால் அதைப் பற்றிய கவலை இல்லை. உதவி பெறும் பள்ளியையும் தாராளமாகப் பார்க்கலாம். அங்கே கேட்க வேண்டியது, சேரப்போகும் பிரிவு அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று. பல பள்ளிகளில் தமிழ் வழி உதவி பெறும் பிரிவாகவும், ஆங்கில வழி சுயநிதிப் பிரிவாகவும் ஒரே வளாகத்தில் நடக்கும். சுயநிதிப் பிரிவில் கட்டணம் உண்டு. தமிழ் வழியில் முதல் வகுப்பிலிருந்து படிப்பவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதால், ஏற்கெனவே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை ஒன்பதாவதில் ஆங்கில வழிக்கு மாற்றும் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

இனி விண்ணப்பம். வரிசை முக்கியம்: முதலில் புதிய பள்ளியில் இடம், பிறகு டி.சி. இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பாதிச் சிக்கல். டி.சி. வாங்கிய நொடியில் பழைய பள்ளிப் பதிவேட்டில் பெயர் நீங்கிவிடும். புதிய இடம் கிடைக்காமல் திரும்பி வந்தால் மறுசேர்க்கைதான், அதற்குத் தனியார் பள்ளி புதுக் கட்டணம் கேட்கும். ஏப்ரல் இறுதித் தேர்வு முடிந்ததும் புதிய பள்ளித் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். ஒன்பதாவதில் எந்த வழியில் இடம் இருக்கிறது, சேர்க்கை எந்தத் தேதியில் என்று கேட்டு, ‘டி.சி. கொண்டு வாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம்’ என்ற வார்த்தையை வாங்குங்கள். எட்டாவதின் மதிப்பெண் பட்டியலைக் கையோடு கொண்டு போனால் பேச்சு சுலபமாகும். சுற்று ஊர்களின் நடுநிலைப் பள்ளிகள் எல்லாம் எட்டாவதோடு முடிவதால், ஒன்பதாவதுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நகரத்துப் பள்ளிகளுக்கு வருவார்கள். ஜூன் திறப்புக்குப் பிறகு போய் நின்றால் விரும்பிய வழியில் இடம் இல்லாமல் போகலாம்.

பிறகு பழைய பள்ளிக்கு எழுத்தில் மனு. வாய்மொழியாகக் கேட்டால் ‘நாளைக்கு வாங்க’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். மனுவில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளைக்குள்ள எண்), கடைசியாகப் பள்ளிக்கு வந்த தேதி, மாற்றத்துக்கான காரணம் (‘குடும்பச் சூழ்நிலை’ போதும், விளக்க வேண்டியதில்லை) இருக்கட்டும். நகல் ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கப் பள்ளிக்கு உரிமை இல்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொன்னது: டி.சி. என்பது பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல. பாக்கி இருப்பதாக டி.சி.யில் எழுதவும் கூடாது; பணம் வர வேண்டியிருந்தால் சட்டப்படி தனியாக வசூலித்துக்கொள்ளட்டும். பாக்கி உண்மையில் இருந்தால் கட்ட வேண்டியதுதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ‘இத்தனை தவணையில் செலுத்துகிறேன்’ என்று தனிக் கடிதம் கொடுங்கள். ஆனால் வரப்போகும் ஒன்பதாம் வகுப்பின் முதல் தவணையைக் கட்டினால்தான் டி.சி. என்றால் கட்ட வேண்டாம்.

அப்படியும் நகரவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். இப்போது தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என்று தனித்தனி அலுவலர்கள். மெட்ரிக் பள்ளி மீதான புகார் தனியார் பள்ளிகளுக்கான அலுவலரிடம் போக வேண்டும். தவறான மேசையில் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடப்பதையும் மறக்க வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டம். ராயவரம், திருமயம், பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம். புகார், பழைய பள்ளி இருக்கும் மாவட்டத்துக்கு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனுவைக் கொடுக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது.

காகித டி.சி. கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பழைய பள்ளி எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்து, ‘காமன் பூல்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்துதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். விடுவிக்காவிட்டால் பிள்ளை புதிய வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், பெயர் பழைய பள்ளியில் இருக்கும். புத்தகம், உதவித்தொகை, பின்னால் பொதுத்தேர்வுப் பட்டியல் எல்லாம் இடிக்கும். டி.சி. வாங்கும்போதே அலுவலகத்தில் ‘எமிஸில் விடுவித்தாயிற்றா?’ என்று கேளுங்கள். புதிய பள்ளியில் சேர்ந்து ஒரு வாரத்தில், பெயர் ஏறிவிட்டதா என்று வகுப்பாசிரியரிடம் உறுதி செய்யுங்கள். ஏறவில்லை என்றால் வட்டார வள மையத்தில் எமிஸ் பார்ப்பவரிடம் புதிய பள்ளி வழியாகச் சொல்லுங்கள்.

டி.சி.யைக் கையில் வாங்கிய இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பயிற்று மொழி, முதல் மொழி, ‘ஒன்பதாம் வகுப்புக்குத் தகுதி’ என்ற வரி, நடத்தை. நம் பக்கத்தில் அதிகம் இடறுவது தலைப்பெழுத்து. ‘ராம.’, ‘பழ.’, ‘மெ.’ என்று ஓரெழுத்துக்கு மேற்பட்ட தலைப்பெழுத்துகள் வழக்கம். தமிழில் ‘பழ.’ என்பது ஆங்கிலத்தில் ஒரு சான்றில் ‘பி.எல்.’ என்றும், ஆதாரில் வெறும் ‘பி.’ என்றும், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயராகவும் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சானபின் இதைத் திருத்துவது மிகக் கடினம், அதனால் இந்த மாற்றத்தின்போதே பிறப்புச் சான்று, ஆதார், டி.சி. மூன்றிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்து வரும்படி செய்துவிடுங்கள். ஆதாரைத் திருத்துவதாக இருந்தால் மே மாதத்திலேயே.

சேர்க்கைக்குக் கொண்டு போக வேண்டியவை: அசல் டி.சி., எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, பிள்ளை மற்றும் பெற்றோர் ஆதார் நகல், சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை நகல், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குப் புத்தக நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு. அசல் டி.சி.யைப் பள்ளி வைத்துக்கொள்ளும் என்பதால் முன்பே இரண்டு நகல் எடுத்து வையுங்கள். அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்து, பிள்ளை ஆயா வீட்டிலோ அப்பத்தா வீட்டிலோ தங்கிப் படிப்பதாக இருந்தால், யார் பொறுப்பாளர் என்று அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் சேர்க்க வேண்டும். பள்ளியில் கொடுக்கும் கைபேசி எண் இங்கே இருப்பவருடையதாக இருக்கட்டும். உதவித்தொகைத் தகவல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

சி.பி.எஸ்.இ.யிலிருந்து வருகிறவர்கள் தமிழைப் பற்றி முன்பே பேசிவிட வேண்டும். இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்த பிள்ளை இங்கே பத்தாவதில் தமிழ்த் தாளை எழுத வேண்டியிருக்கும். இரண்டு வருட அவகாசம் கிடைப்பதாலும் ஒன்பதாவதிலேயே மாறுவது நல்லது.

கடைசியாகப் பேருந்து அட்டை. புதிய பள்ளியின் பெயரில், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தடத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதைப் பள்ளி வழியாகத்தான் தருவார்கள். புதுவயல், கல்லல் பக்கமிருந்து வருவதாக இருந்தால் சேர்க்கையன்றே விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.