கன்ட்ரோலரில் முதலில் தேய்வது எது?

தீபாவளி போனஸ் கைக்கு வந்தாலே இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். போன மாதம் வரை ஏசியும் ஃப்ரிட்ஜும். இந்த மாதம் பாதிக்கு மேல் கேம் கன்ட்ரோலர். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒதுக்கிவிட்டு நான்கை எடுத்திருக்கிறேன். முதல் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவர்களையும் அங்கேதான் கைகாட்டி அனுப்பப் போகிறேன்.

கேள்வி: அண்ணா, நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை. பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு நண்பர்களோடு ஆன்லைனில் இரண்டு மணி நேரம், ஷூட்டர் கேம் மட்டும்தான். போனஸில் அதற்கான விலை கூடிய கன்ட்ரோலர், டூயல்சென்ஸ் எட்ஜ், வாங்க ஆசை. அந்தக் காசில் சாதாரண கன்ட்ரோலர் மூன்று வருமே என்று வீட்டில் கேட்கிறார்கள். எது சரி? (ஒரு வாசகர், செம்பூர்)

பதில்: வீட்டில் கேட்பவர் கணக்கில் தப்பில்லை. பிஎஸ்5 கூடவே வரும் சாதாரண டூயல்சென்ஸ் ஆறாயிரத்தை ஒட்டி, எட்ஜ் பத்தொன்பதாயிரத்தை ஒட்டி. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் 200 டாலருக்கு வந்த சாமான் இது. பெட்டியைத் திறந்தால் உறை, மூன்று வகை ஸ்டிக் மூடி (ஸ்டிக் என்பது கட்டைவிரலால் சாய்க்கும் குமிழ்), இரண்டு வகைப் பின்பட்டன், நெய்த கேபிள் என்று கல்யாணச் சீர் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் மயங்காமல், கூடுதல் பதின்மூவாயிரம் எதற்குப் போகிறது என்று பார்ப்போம்.

முதலில் பின்பட்டன். ஷூட்டரில் வலது கட்டைவிரல் ஸ்டிக்கில் இருந்தால்தான் குறி பார்க்க முடியும். குதிக்க எக்ஸ், குனிய வட்டம், ரீலோடுக்குச் சதுரம் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த விரல் ஸ்டிக்கை விட்டு இறங்கி மறுபடி ஏற வேண்டும், அதற்குள் எதிரி ஒரு எட்டு நகர்ந்துவிட்டால் உங்கள் துப்பாக்கி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அடியில் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிற நடுவிரலுக்கு அந்த வேலையைக் கொடுப்பதுதான் பின்பட்டன். அவ்வளவுதான் விஷயம். புதிதாக எதுவும் அது செய்யாது, முன்னால் இருக்கிற ஏதோ ஒரு பட்டனின் நகல். ஆனால் இந்த நகலுக்காக அமெரிக்காவில் வழக்கே நடந்தது: ஸ்கஃப் என்ற கன்ட்ரோலர் நிறுவனத்தின் தரப்பு காப்புரிமை வைத்திருந்தது, மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கிக்கொண்டது, வாங்காமல் செய்த வால்வ் நிறுவனம் 40 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2021இல் ஜூரி தீர்ப்புச் சொன்னது. நடுவிரலுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

இது உங்களுக்குப் பயன்படுமா என்று காசு செலவழிக்காமலே தெரிந்துகொள்ளலாம். பிஎஸ்5 செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் போனால் பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எக்ஸையும், மேல் விளிம்பில் இடது ஆள்காட்டி விரலுக்கு இருக்கும் எல்1ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டு ஒரு வாரம் ஆடுங்கள். முதல் இரண்டு நாள் குதிக்க நினைத்தால் குண்டு எறிவீர்கள், நண்பர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. அதற்கு அப்புறம், கட்டைவிரல் ஸ்டிக்கிலேயே இருப்பது சுகமாக இருக்கிறதே என்று தோன்றினால் பின்பட்டன் உங்களுக்கானது. பழைய அமைப்புக்கே போய்விட வேண்டும் என்று கை துடித்தால் பதின்மூவாயிரம் மிச்சம்.

அடுத்தது டிரிகர், துப்பாக்கி விசை மாதிரி விரலால் இழுக்கும் பட்டன். எட்ஜில் எல்2, ஆர்2 எவ்வளவு தூரம் அழுந்த வேண்டும் என்று மூன்று நிலையில் வைக்கலாம். தூரத்தைக் குறைத்தால் தொட்டதும் சுடும். ஷூட்டருக்கு நல்லதுதான். ஆனால் கதையாக ஓடும் கேம்களில் வில்லை இழுக்கும்போது டிரிகர் விரலை எதிர்த்து இறுகுமே, அந்த அனுபவம் குறுக்கிய நிலையில் கிடைக்காது. நீங்கள் ஷூட்டர் மட்டும்தான் என்று எழுதியிருப்பதால் இதைக் கடந்து போகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எந்த கன்ட்ரோலரிலும் முதலில் தேய்வது ஸ்டிக். அதன் இரண்டு பக்கமும் பொத்தான் அளவில் ஒரு பச்சை டப்பி இருக்கும், பொடென்ஷியோமீட்டர் என்று பெயர், பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பதும் இதே ஜாதிதான். கரிப்பூச்சு உள்ள ஒரு தடத்தின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். அது நிற்கிற இடத்தை வைத்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கன்ட்ரோலர் கண்டுபிடிக்கிறது. உரசினால் தேயாமல் என்ன செய்யும்? தடம் தேய்ந்து பொடி உதிர்ந்ததும், கையே வைக்காவிட்டாலும் ஸ்டிக் சாய்ந்திருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம். என் வீட்டில் ஒரு தடவை டீ போட்டு எடுத்து வருவதற்குள் என் வீரன் தானாகவே நடந்துபோய் மலைமேலிருந்து விழுந்து கிடந்தான்.

இத்தனை விலை கொடுத்தாலும் எட்ஜிலும் இதே பொடென்ஷியோமீட்டர்தான். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸுக்கு விற்கும் விலை கூடிய எலைட் சீரிஸ் 2விலும் அதுவேதான். காந்தத்தை வைத்து, எதுவும் உரசாமல் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் புது வித்தை ஒன்றும் இல்லை, 1998இல் வந்த சேகாவின் ட்ரீம்காஸ்ட் கேம் பெட்டியின் கன்ட்ரோலரிலேயே இருந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து இந்த விலைக்கு விற்கும் பொருளில் அதைப் போடாததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் எட்ஜில் ஒரு சமாதானம் இருக்கிறது. பின்னால் ஒரு தாழ்ப்பாளை நகர்த்தினால் முன்பக்கக் கறுப்பு மூடி கழன்று வரும், உள்ளே சின்ன நெம்புகோலைத் தூக்கினால் ஸ்டிக் முழுசாகக் கையோடு வந்துவிடும், புதியதைச் செருகி மூடிவிடலாம். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். அந்த ஸ்டிக் மாட்யூல் ஒன்று, எட்ஜ் வந்தபோது அமெரிக்காவில் 20 டாலர். கன்ட்ரோலர் வாங்கும்போதே இங்கே கடையில் மாட்யூல் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கிடைக்காத ஊரில் அந்தத் தாழ்ப்பாளால் பிரயோஜனம் இல்லை.

பேட்டரி பற்றிக் கடையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சாதாரண டூயல்சென்ஸில் 1,560 எம்ஏஹெச், எட்ஜில் 1,050. மூன்றில் இரண்டு பங்கு. உங்களுக்கு ராத்திரி இரண்டு மணி நேரம்தான் என்பதால் தாங்கும், நாள் முழுக்க ஆடுகிற ஞாயிற்றுக்கிழமைக்குக் கேபிள் வேண்டும். கூட வருகிற கேபிள் 2.8 மீட்டர். மும்பையில் டிவிக்கு 2.8 மீட்டர் தள்ளி உட்கார இடம் இருக்கிற வீடு என்றால் நீங்கள் என்னைக் கேட்காமலே எட்ஜ் வாங்கியிருப்பீர்கள்.

மற்ற நிறுவனங்கள் பிஎஸ்5க்குச் செய்யும் விலை கூடிய கன்ட்ரோலர்களையும் பார்த்திருப்பீர்கள். பட்டன் பிரமாதமாக இருக்கும், நான்கு பின்பட்டன்கூட இருக்கும். ஆனால் டூயல்சென்ஸின் நுணுக்கமான அதிர்வும் இறுகும் டிரிகரும் பெரும்பாலானவற்றில் இருக்காது. பிஎஸ்4 கன்ட்ரோலரைப் பிஎஸ்5 கேமுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிஎஸ்4 கேமுக்கு மட்டும்தான் ஓடும்.

ஒரு வாரச் சோதனையில் பாஸானால் எட்ஜ் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். ஃபெயிலானால் இன்னொரு சாதாரண டூயல்சென்ஸ் வாங்கி வீட்டில் கேட்டவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: சார், முலுண்டில் இருக்கிறோம். மகன் பத்தாவது படிக்கிறான், வீட்டில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். எலைட் கன்ட்ரோலர் வாங்கித் தந்தால்தான் ஆச்சு என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் ஆடுவது ஃபுட்பாலும் கார் ரேஸும்தான். வாங்கித் தரலாமா என்று கேட்கவில்லை, தேவையா என்று கேட்கிறேன். (ஒரு வாசகி, முலுண்ட்)

பதில்: தேவையில்லை அம்மா. கேள்வியைச் சரியாகப் பிரித்துக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

எலைட் சீரிஸ் 2 நல்ல சாமான், 2019 நவம்பரில் வந்தது, பின்னால் காந்தத்தில் ஒட்டும் நான்கு பேடில் (பின்பட்டனுக்கு இங்கே அந்தப் பெயர்), ஸ்டிக்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சாவி, ஒரு சார்ஜுக்கு 40 மணி நேரம் வரை என்று நிறுவனமே சொல்கிறது. எல்லாம் சரி. ஆனால் கார் ரேஸில் டிரிகர்தான் ஆக்ஸிலரேட்டர். பாதி அழுத்தினால் பாதி வேகம், வளைவில் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் பிடித்து ஓட்ட வேண்டும். எலைட்டில் பெருமையாகச் சொல்லப்படும் டிரிகர் பூட்டு அந்தத் தூரத்தைக் குறுக்குவதற்கு. ரேஸ் ஆடும் பையன் அதைப் போட்டால் கார் வளைவுக்கு வளைவு சுவரில் முட்டும். ஃபுட்பாலிலும் வலது ஸ்டிக்குக்கு ஷூட்டரில் உள்ள அளவு வேலை இல்லை, பேடில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஸ்டிக் தேய்வது பற்றி மேலே செம்பூர்த் தம்பிக்குச் சொன்னேனே, எலைட்டில் அதைக் கழற்றி மாற்றும் வசதியும் இல்லை. இந்த மாடலுக்கு முதலில் 90 நாள் வாரன்டிதான் கொடுத்தார்கள், புகார்கள் குவிந்த பிறகு 2020 அக்டோபரில் ஒரு வருஷமாக ஆக்கினார்கள்.

எலைட் கோர் என்று விலை குறைந்த ஒன்றைக் காட்டுவான். அதில் பேடில் வராது, தனியாக வாங்க வேண்டும். எதற்காக அடம்பிடிக்கிறானோ அதுவே பெட்டிக்குள் இருக்காது.

ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கேம்சர் ஜி7 எஸ்இ மாதிரி உரிமம் பெற்ற வயர் கன்ட்ரோலரைப் பாருங்கள். ஹால் எஃபெக்ட் ஸ்டிக், இரண்டு பின்பட்டன், எலைட் விலையில் சின்னப் பகுதி. வயரைப் பார்த்து முகம் சுளிப்பான், இரண்டு நாளில் மறந்துவிடுவான். உரிமம் பெற்றதா என்பதை மட்டும் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். 2023 நவம்பரிலிருந்து உரிமம் இல்லாதவற்றை எக்ஸ்பாக்ஸே தடுத்துவிடுகிறது, செருகினால் திரையில் பிழை எண்தான் வரும்.

கேள்வி: அண்ணே, நான் தாராவி. செகண்ட் ஹேண்டில் பிஎஸ்5 கன்ட்ரோலர் வாங்கினேன், பில் கிடையாது. ஒரு மாதத்தில் ஆள் தானாக இடது பக்கம் நடக்கிறான். தூக்கிப் போடவா? (ஒரு வாசகர்)

பதில்: போடாதே தம்பி. முதலில் கேமுக்குள் டெட்ஸோன் என்று ஒன்று இருக்கும், ஸ்டிக்கின் எவ்வளவு சாய்வைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற அளவு, அதைக் கொஞ்சம் கூட்டு. லேசான டிரிஃப்டாக இருந்தால் இதிலேயே அடங்கும், ஆனால் ஸ்டிக்கை லேசாகச் சாய்த்தால் ஆள் நகர மாட்டான், அது அதற்கான விலை.

அடங்கவில்லை என்றால் லாமிங்டன் ரோடு, நம்ம மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. எனக்கு அங்கே ஒரு பாயைத் தெரியும், மூன்றடி அகலக் கடை, தலைக்கு மேல் பூதக்கண்ணாடி விளக்கு. போன மழைக்காலத்தில் என்னுடையதை எடுத்துப் போனபோது அவர் செய்ததை நின்று பார்த்தேன். ஸ்டிக் மாட்யூலின் கால்கள் பத்துக்கு மேல், ஒவ்வொன்றிலும் புது ஈயம் வைத்துச் சூடாக்கி, உறிஞ்சியால் டக் டக் என்று பழைய ஈயத்தை எடுத்தார். ஒரே ஒரு கால் மட்டும் வரவில்லை. இழுக்கவில்லை மனிதர். சாயை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி ஈயம் வைத்தார். இழுத்தால் போர்டில் இருக்கிற செம்புத் தடம் உரிந்துவிடும், அப்புறம் கன்ட்ரோலர் காலி என்றார். அதனால், முதல் கடைக்காரர் அவசரப்படுகிறவராகத் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போ. மாற்றும்போது ஹால் எஃபெக்ட் மாட்யூல் இருக்கிறதா என்றும் கேள், கொஞ்சம் கூட ஆகும், மாட்டிய பிறகு நடுப்புள்ளியைச் சரிசெய்து தர வேண்டும், கடையிலேயே ஆடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு. வாரன்டியில் இருப்பதை இப்படித் திறக்கக் கூடாது, உன்னுடையதற்குத்தான் பில்லே இல்லையே.

கேள்வி: மாதுங்காவில் வசிக்கும் ஓய்வு பெற்றவன். வலது கட்டைவிரல் மூட்டில் வலி. பேரனுடைய பிஎஸ்5இல் அவனோடு கார் ஓட்ட ஆசை. விலை கூடிய கன்ட்ரோலர் கைக்கு இதமாக இருக்குமா? (ஒரு வாசகர், மாதுங்கா)

பதில்: இருக்காது ஐயா. எட்ஜ் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கனம் கூட, அதன் ஸ்டிக்கைத் தளர்த்தவும் வழி இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கென்றே சோனி 2023 டிசம்பரில் ஆக்ஸஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, வட்டத் தட்டு மாதிரி, மடியிலோ மேஜையிலோ வைத்து உள்ளங்கையால் அழுத்தலாம். எக்ஸ்பாக்ஸில் 2018இலேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. ஆனால் அதற்கும் அவசரம் இல்லை. வீட்டில் இரண்டு கன்ட்ரோலர் இருக்கிறதா? 2023 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து பிஎஸ்5இல் இரண்டையும் ஒரே ஆட்டக்காரருக்குச் சேர்த்துவிடலாம். பேரனிடம் அசிஸ்ட் கன்ட்ரோலர் என்று சொல்லுங்கள், செட்டிங்ஸில் அக்சசரீஸுக்குள் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் போட்டுத் தருவான். ஸ்டியரிங்குக்கு இடது ஸ்டிக் போதும், அது உங்களிடம். ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் அவனிடம். எப்போது பிரேக் போட வேண்டும் என்பதில் உங்கள் இருவருக்கும் சண்டை வரும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.