குப்பாயமும் பங்கும்: தென் திருவிதாங்கூர் கிறிஸ்தவப் பெண்கள் பற்றிய கேள்வி பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சொத்து பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம், அதனால் அதற்குத்தான் நீளமான பதில்.

மார்த்தாண்டத்திலிருந்து: டீச்சர், மிஷனரிகள் வந்து சொல்லிக்கொடுத்துத்தான் நம்ம ஊர்ப் பெண்கள் மேல்சட்டை போட்டார்கள், 1859இல் ராஜா முழு அனுமதி கொடுத்தார் என்று படித்தோம். சரிதானே?

பாதி சரி. முதலில் இரண்டு துணிகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று குப்பாயம், தைத்த சட்டை. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அதைப் போட்டுவந்தார்கள். மற்றது தோள்சீலை, அதாவது தோளில் மடித்துப் போடும் மேல்முண்டு. அது நாயர் முதலான மேல்சாதிப் பெண்களின் அடையாளம். கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் (1811–1814) மதம் மாறிய நாடார் பெண்களுக்கு மார்பை மூடிக்கொள்ள அனுமதி வந்தது. ஆனால் தோள்சீலைக்கு எதிர்ப்பு கிளம்பவே, குப்பாயத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். நம் பெண்கள் நிறுத்தவில்லை. குப்பாயத்தைப் போட்டு அதன் மேல் சீலையையும் போட்டுச் சந்தைக்குப் போனார்கள். அடிதடி அங்கேதான் தொடங்கியது. வெறும் வெட்கத்துக்கான சண்டை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாதிக்கென்று ஒதுக்கிய துணியைத் தோளில் எடுத்துப் போட்டதற்காக விழுந்த அடி அது.

1822, 1827–29, 1858–59 என்று மூன்று அலை. 1829 பிப்ரவரி 3 விளம்பரம் குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்றது. 1858 டிசம்பரில் திவான் மாதவராவும் அதே பழைய விதியைத்தான் நினைவூட்டினார். கலகம் மூண்டு ஜெபக்கூடங்கள் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு 1859 ஜூலை 26 விளம்பரம் வந்தது. அதை வரிவரியாகப் படியுங்கள்: எந்த மதத்து நாடார் பெண்ணும் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், முக்குவத்திகளை (மீனவப் பெண்களை)ப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. அந்தக் கடைசி வால் ஒட்டிக்கொண்டே இருக்கும்போது முழு அனுமதி என்று எப்படிச் சொல்வது?

ஒரு லாபம் உண்டு. 1829இல் மதம் மாறியவர்களுக்கு என்று இருந்தது, 1859இல் மாறாதவர்களுக்கும் ஆனது.

குலசேகரத்திலிருந்து: முலைவரி கட்டினால் மார்பை மூடலாம் என்று சட்டம் இருந்ததாமே?

முலக்கரம் என்ற பெயரில் வரி இருந்தது. ஆண்களுக்குத் தலக்கரம், பெண்களுக்கு முலக்கரம். கீழ்ச்சாதிகள் மேல் விழுந்த தலைவரி அது. காசு கட்டினால் மூடிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடாக அதைக் காட்டும் அரசு ஆவணம் இல்லை. சேர்த்தலை நங்கேலியின் கதை வாய்மொழியாக வந்தது, அந்த மதிப்போடு சொல்லுங்கள். வரியையும் தோள்சீலைச் சண்டையையும் ஒரே கட்டாகக் கட்டினால் இரண்டுமே விளங்காமல் போகும்.

நெய்யாற்றின்கரையிலிருந்து: சேச்சி, ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்ததைப் பெரிய புரட்சி மாதிரிப் பேசுகிறார்கள். தையல் வகுப்புதானே?

தையல் வகுப்புதான். ஆனால் காசு யார் கைக்குப் போனது என்று பாருங்கள். லண்டன் மிஷனரி சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819 கடைசியில் நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தாவும் இன்னொரு மிஷனரியான சார்லஸ் மீடின் மனைவி ஜோஹானாவும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய டதி பள்ளி தன் வேரை அங்கே காட்டுகிறது. பள்ளி நடத்தப் பணம் வேண்டும் என்பதால் 1821 வாக்கில் ரேந்தை வந்தது.

வேலை இப்படி. கெட்டியாக அடைத்த தலையணை மேல் புள்ளி குத்திய அட்டையைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக் கதிர்கள் இரண்டிரண்டாகத் தொங்கும். கையசைவு இரண்டே இரண்டுதான்: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. ஊசியை அவசரப்பட்டு உருவினால் கண்ணிகள் சரிந்துவிடும். நூலின் இழுப்பு ஒரே சீராக இல்லாவிட்டால் பூவின் ஒரு பக்கம் சுருங்கும். கை வியர்வை பட்டால் வெள்ளை நூல் பழுப்பாகிவிடும், வாங்குகிற துரைசானி தள்ளிவிடுவாள். எழுத்துப் பாடத்தையும் இந்த வேலையையும் ஒரே கூரையின் கீழ் செய்த பிள்ளைகள் அவர்கள். வயல் வேலையில் கூலியாக நெல் அளந்து வீட்டுக்காரனிடம் போகும், ரேந்தைக் காசு பின்னியவளிடம் போனது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே ரேந்தைக் காசைச் சேர்த்துத் தன் விடுதலையை வாங்கிய பெண்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன.

குறையும் சொல்ல வேண்டும். நல்ல கிறிஸ்தவ மனைவியை உருவாக்குவதுதான் அந்தப் பள்ளியின் நோக்கம். உத்தியோகத்துக்குப் போகிற பெண் அந்தத் திட்டத்தில் கிடையாது. பிள்ளைகள்தான் திட்டத்தைத் தாண்டிப் போனார்கள்.

இரணியலிலிருந்து: கிறிஸ்தவம் வராவிட்டால் ஒன்றுமே நடந்திருக்காது என்று எங்கள் சபையில் பேசினார்கள். நீங்க என்ன சொல்றீங்க?

சாமித்தோப்புக்குப் போய்வரச் சொல்லுங்கள். அய்யா வைகுண்டர் (1809–1851) மதம் மாறச் சொல்லாமலே தலைப்பாகை கட்டச் சொன்னார், அதற்காகச் சிறையும் போனார். மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் வந்ததுகூட மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய்க் கேட்டதால்தான். கேட்ட சனம் இங்கே இருந்தது.

மிஷனுக்குள்ளே பெண்ணின் நிலை என்ன? மார்த்தா மால்ட் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தார், சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. மிஷனரியின் மனைவி, அவ்வளவுதான். லண்டன் மிஷன் பெண்களைத் தனியாக மிஷனரிகளாக நியமிக்கத் தொடங்கியதே 1875இல். மீட் 1852இல் பறையர் குடும்பத்தில் பிறந்த லோயிஸைக் கல்யாணம் செய்தபோது மிஷனோடு அவருக்கிருந்த உறவே அறுந்தது. சாதி பற்றி வெளியே பேசியது ஒன்று, உள்ளே நடந்தது ஒன்று.

பாறசாலையிலிருந்து: மருமக்கவழி (அம்மா வழிச் சொத்துரிமை) இருந்த நாட்டில் கிறிஸ்தவப் பெண்ணுக்கு மட்டும் ஏன் சொத்து இல்லாமல் போனது?

கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் மக்கவழி, அதாவது அப்பா வழி. பெண்ணுக்குக் கல்யாணத்தில் ஸ்திரீதனம் (சீதனம்) கொடுத்து அனுப்பினால் கணக்கு தீர்ந்தது என்ற வழக்கத்தைத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் எழுத்தாக்கியது. கொல்லம் ஆண்டு 1092இன் இரண்டாம் சட்டம், நம் கணக்கில் 1916. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்திருந்தாலோ, தருவதாக வாக்குச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. வாக்கு போதும் என்பதைக் கவனியுங்கள். விதவைக்கு அனுபவ உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போச்சு.

சொத்து மூன்று லட்சம், ஒரு மகன், ஒரு மகள் என்று வையுங்கள். மகன் பங்கின் கால்வாசி பல பத்தாயிரம் வரும். சட்டம் 5,000இல் கதவைச் சாத்திவிடும். நிலவிலை ஏற ஏற மகளின் பங்கு இல்லாமலே போகிற மாதிரி அமைந்த சட்டம் அது.

இதிலே ஒரு வேடிக்கை. ஆணும் பெண்ணும் சமமாகப் பிரிக்கும் வழக்கமுள்ள சில லத்தீன் கத்தோலிக்கரையும் சில தாலுகாக்களின் புராட்டஸ்டண்டுகளையும் அதே சட்டம் இந்தப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. ஆகவே, கிறிஸ்தவம் என்றால் மகளுக்குப் பங்கில்லை என்று வேதத்தைக் காட்டிப் பேச யாருக்கும் வழியில்லை. பணக்காரக் குடும்பங்களின் வழக்கம் சட்டமானது, அவ்வளவே.

இந்தச் சட்டத்தை எதிர்த்து மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண் 1983இல் உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரி 24 தீர்ப்பு: 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925தான் இங்கே செல்லும். சமத்துவ உரிமை என்ற பெரிய கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. 1951இல் மத்திய சட்டங்களை இங்கே நீட்டித்தபோதே பழைய சட்டம் போய்விட்டது என்று முடித்தது. இதே கேள்வியில் 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒரு விதமாகவும் டிவிஷன் பெஞ்ச் நேர்மாறாகவும் சொல்லியிருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அந்தக் குழப்பம் தீர்ந்தது 1986இல்தான்.

தீர்ப்புக்குப் பிறகு சில சபைகளில் உயில் எழுதுவது எப்படி என்று வகுப்பே நடந்தது. பழைய பாகப்பிரிவினைகளைக் காப்பாற்ற 1994இல் கேரளத்தில் ஒரு மசோதா தயாரானது, நிறைவேறவில்லை.

விளவங்கோடு தாலுகாவிலிருந்து: தாத்தா 1979இல் உயில் எழுதாமல் இறந்தார். 90 சென்ட். பாட்டி, மாமா, அம்மா, சித்தி. பாட்டியும் பிறகு உயில் இல்லாமல் இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாச்சு, பங்கில்லை என்கிறார் மாமா. வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்.

கணக்கு எளிது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி விதவைக்கு மூன்றில் ஒன்று: பாட்டிக்கு 30 சென்ட். மீதி 60 பிள்ளைகளுக்குச் சமம், ஆளுக்கு 20. பாட்டியின் 30 மறுபடி மூன்றாகும், ஆளுக்கு 10. ஆக அம்மாவுக்கு 30 சென்ட்.

நகையைக் கழிக்க முடியாது. 49ஆம் பிரிவு சொல்வது அதைத்தான்: இறந்தவர் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் சேர்த்து எண்ணக் கூடாது. பல வக்கீல் நோட்டீஸ்களில்கூட இந்தப் பிரிவைக் காணோம்.

வெள்ளைத்தாள்: நிலத்தில் உரிமையை விட்டுக்கொடுப்பது பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தில்தான் ஆகும். தாத்தா இருக்கும்போதே எழுதியதென்றால் அப்போது அம்மாவுக்கு விட்டுக்கொடுக்க உரிமையே வந்திருக்கவில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் நீதிமன்றம் வேறு மாதிரி எடை போடும், அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

இருவரின் இறப்புச் சான்று, தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று, 1979க்கு முன்னிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று எடுங்கள். நடுவில் மாமா விற்றாரா, அடமானம் வைத்தாரா என்று வில்லங்கத்தில் தெரியும். பட்டா மாமா பெயரில் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், எல்லைக்கு அந்தப் பக்கம் போக்குவரவு என்பார்களே, அதேதான். வரி கட்ட வைத்துக்கொள்கிற பெயர், அது மட்டுமே உடைமை ஆகாது. பயப்பட வேண்டியது காலதாமதத்துக்கு. உனக்குப் பங்கில்லை என்று வெளிப்படையாக விலக்கி 12 வருடம் ஆண்டுவிட்டேன் என்று மாமா நிரூபித்தால் வழக்கு சிக்கலாகும். நோட்டீஸ் அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: பூர்வீகச் சொத்தை உயில் எழுத முடியாதுதானே?

அது இந்துக் கூட்டுக்குடும்பச் சட்டம். கிறிஸ்தவர்களுக்குப் பிறப்பால் வரும் பங்கு என்று ஒன்றில்லை. அப்பா தன் பெயரிலுள்ள எல்லாவற்றையும் மகனுக்கே உயில் எழுதலாம், இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் செல்லும். மேரி ராய் தீர்ப்பு அடைக்காத ஓட்டை இதுதான்.

பாலக்காடு சித்தூரிலிருந்து: கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்கு எதிரானது என்பது இன்றும் உண்மையா?

இன்று இல்லை. 1869 சட்டத்தில் கணவனுக்கு மனைவியின் பிறர்மனைத் தொடர்பு ஒன்றே போதும். மனைவிக்கு அதோடு கொடுமையோ கைவிடுதலோ சேர வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 1995இல் அதை உடைத்தது, 2001 திருத்தம் இருவருக்கும் ஒரே காரணங்களை வைத்தது.

தக்கலையிலிருந்து: பெண் பாஸ்டர்?

தென்னிந்தியத் திருச்சபையில் 1970களிலிருந்து குருப்பட்டம் உண்டு, 2013இல் ஆந்திரத்து நந்தியாலில் புஷ்பலலிதா பேராயரானார். கத்தோலிக்கத்தில் கிடையாது.

நாகர்கோவிலிலிருந்து: மிஷன் பள்ளிப் படிப்பு கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது?

படிப்பு பரவிய கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன். மேரி பூனன் லூக்கோஸ்: திருவனந்தபுரம் கல்லூரியில் பெண் என்பதால் அறிவியல் வகுப்பில் இடம் தரவில்லை, லண்டனில் மருத்துவம் படித்தார், 1922இல் திருவிதாங்கூர் சட்டசபைக்கு நியமனமானார், 1938இல் சர்ஜன் ஜெனரல். அன்னா சாண்டி: 1937இல் முன்சீஃப், 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, இந்தியாவில் உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண். அவர் அங்கே உட்கார்ந்திருந்தபோது கிறிஸ்தவ மகளுக்கு 5,000 ரூபாய் என்பதுதான் நடைமுறை. படித்த பெண்ணுக்கு வேலை கொடுக்கத் தயாராக இருந்த சமூகம் நிலம் கொடுக்கத் தயாராக இல்லை.

மேல்புறத்திலிருந்து: பழைய ஆதாரத்தில் (பத்திரத்தில்) கொல்லம் வருடம் இருக்கிறது. எப்படி மாற்றுவது?

மலையாள வருடத்தின் முதல் மாதமான சிங்கம் முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் கடைசி மாதமான கர்க்கடகம் முடிய 825. தனுவும் மகரமும் மாத நடுவில் தொடங்குவதால் தனு மாதத்துத் தேதியை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். 1126 மீனம் என்றிருந்தால் 1951 மார்ச்–ஏப்ரல். சொத்துக்காரர் அந்த மாதத்தில் இறந்திருந்தால், இறப்பு ஏப்ரல் 1க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பாட்டிக்குப் பங்கு.