144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60தான் வருகிறது: தப்பு யார் மேல்?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 27 இன்ச், 1440பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம்) மானிட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். கடையில் ஓட்டிக் காட்டியபோது 144 வந்தது. வீட்டில் செட்டாப் பாக்ஸுக்குப் போட்டிருந்த எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி மாட்டினால், பட்டியலில் 60, 75 இரண்டுதான் இருக்கின்றன. என்விடியா கன்ட்ரோல் பேனலில் கஸ்டம் ரெசல்யூஷன் போய் 144 என்று நானே அடித்தேன். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்து திரை இருண்டது. பதற்றத்தில் எதையெதையோ தட்டினேன். இப்போது ஆன் செய்தால் விண்டோஸ் லோகோ வரை தெரிகிறது, அப்புறம் கறுப்பு. மானிட்டர் போய்விட்டதா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இன்னொன்று: தம்பியின் பழைய 1080பி மானிட்டர் டிவிஐ என்ற பழைய வகைக் கேபிளில் 60ல் ஓடுகிறது. அதை 75 ஆக்க முடியுமா?

பதில்: மானிட்டர் போகவில்லை. லோகோ வரை தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவே சாட்சி. அதுவரை கம்ப்யூட்டர் சாதாரணமான ஒரு ரெசல்யூஷனில் ஓடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் சேமித்து வைத்த 144ஐ விண்டோஸ் அனுப்ப, மானிட்டர் 'இது என்னால் ஆகாது' என்று கதவை மூடிக்கொள்கிறது. பழைய குழாய் மானிட்டர் காலத்தில் தவறான அலைவரிசை கொடுத்தால் உள்ளே ஏதாவது புகைய வாய்ப்பு உண்டு. எல்சிடி அப்படியில்லை, எச்சரிக்கை காட்டிவிட்டுத் தூங்கிவிடும். அந்த நேரத்தில் 15, 20 நொடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். எல்லாரும் தட்டத்தான் தட்டுகிறோம், நானும் தட்டியிருக்கிறேன்.

முதலில் திரையை மீட்டெடுப்போம். வீட்டு டிவியில் அதே கேபிளை மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அமைப்பை விண்டோஸ் நினைவில் வைத்திருப்பதால் டிவியில் படம் வந்துவிட வாய்ப்பு அதிகம். வந்ததும் என்விடியா கன்ட்ரோல் பேனலில் நீங்கள் உருவாக்கிய 144ஐ அழித்துவிடுங்கள். பட்டியலில் அது காணோம் என்றால் பிறகு மானிட்டரோடு சேர்த்து மாட்டி, டிவியில் பார்த்தபடி அழிக்கலாம்.

டிவியிலும் வரவில்லையா? விண்டோஸ் லோகோ சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுங்கள். அடுத்து வரும் பட்டியலில் 3ஐ அழுத்தினால் விண்டோஸ் குறைந்த ரெசல்யூஷனில் திறக்கும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் கேட்கும், முதலிலேயே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, 144 ஏன் வரவில்லை? கடைக்காரரைத் திட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய மாடல் எண்ணின் கையேட்டைப் பார்த்தேன். அதில் இருக்கும் இரண்டு எச்டிஎம்ஐ போர்ட்டும் 1.4 வகை. எச்டிஎம்ஐ மாதிரியே படம் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளே போர்ட் ஒன்று இருக்கிறது, அது 1.2. கடையில் டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டிக் காட்டியிருப்பார்கள். நீங்கள் எச்டிஎம்ஐயில் மாட்டினீர்கள். கதை அவ்வளவுதான். ஆனால் காரணம் புரிந்தால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் கணக்கு.

உங்கள் 1440பி திரையில் அகலத்தில் 2560, உயரத்தில் 1440 புள்ளிகள். பெருக்கினால் ஒரு படத்துக்கு 36,86,400 புள்ளிகள். நொடிக்கு 144 படம் என்றால் 53 கோடிப் புள்ளிகள். ஆனால் கம்பியில் போவது இதைவிட அதிகம். குழாய் மானிட்டரில் எலெக்ட்ரான் கதிர் ஒரு வரியை வரைந்து முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி வர நேரம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரிக்கும் பின்னால் படமில்லாத வெற்றிடம் விட்டார்கள், ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் சில வெற்று வரிகளும் விட்டார்கள். குழாய் போய்விட்டது, வெற்றிடம் மட்டும் இன்னும் இருக்கிறது. சாதாரண 1080பி, 60 ஹெர்ட்ஸ் சிக்னலில் ஒரு வரி 1920 அல்ல, 2200. வரிகள் 1080 அல்ல, 1125. பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 14 கோடியே 85 லட்சம். இதற்குப் பெயர் பிக்சல் கிளாக். ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ் என்று தனித்தனியாக நாம் பேசினாலும் கம்பிக்குத் தெரிந்தது இந்த ஒரே எண்தான்.

எச்டிஎம்ஐ 1.4ன் உச்சவரம்பு 34 கோடி. உங்கள் 1440பி, 60 ஹெர்ட்ஸுக்கு 24 கோடி போதும். 75க்கு ஏறக்குறைய 30 கோடி. இரண்டும் உள்ளே அடங்குகின்றன, பட்டியலில் வந்தன. 144க்கு வெற்றிடத்தை நன்றாகக் குறைத்தாலும் 58 கோடிக்கு மேல் வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் 1.2 சாதாரண நிற ஆழத்தில் 72 கோடி வரை தாங்கும். தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது, சம்ப் நிரம்பியிருக்கிறது, ஆனால் மாடித் தொட்டிக்கு அரை இன்ச் பைப்தான் என்றால் மோட்டாரை மாற்றி என்ன பயன்? கஸ்டம் ரெசல்யூஷனில் 144 என்று அடிப்பது அந்தப் பைப்பின் மேல் 'இரண்டு இன்ச்' என்று எழுதி ஒட்டுவது மாதிரிதான்.

பட்டியலை விண்டோஸ் எங்கிருந்து எடுக்கிறது என்ற சந்தேகம் வரலாம். மானிட்டர் தன்னைப் பற்றி ஒரு சிறு அறிமுகச் சீட்டு வைத்திருக்கிறது. ஈடிஐடி என்பார்கள், அடிப்படைச் சீட்டு வெறும் 128 பைட். கேபிளை மாட்டியதும் கம்ப்யூட்டர் அதைப் படித்துக்கொள்கிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் சீட்டு வேறு. எச்டிஎம்ஐயில் 75 வரை சொன்ன அதே மானிட்டர் டிஸ்ப்ளே போர்ட்டில் 144 என்று சொல்லும்.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது ஒரு டிஸ்ப்ளே போர்ட் கேபிள், இரண்டு மீட்டருக்குள். இரண்டு முனையும் டிஸ்ப்ளே போர்ட்டாக இருக்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'டிபி டூ எச்டிஎம்ஐ இருக்கு சார், எல்லாம் ஒண்ணுதான்' என்று நீட்டினால் வாங்காதீர்கள். அந்தக் கேபிள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை: கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், திரை பக்கம் எச்டிஎம்ஐ. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது, நேராகப் போட்டாலும் பழைய எச்டிஎம்ஐ போர்ட்டுக்கே போய் நிற்பீர்கள். மட்டமான சில டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் இணைக்கவே கூடாத 20ஆம் பின்னையும் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் பின்னோக்கிப் போய், கம்ப்யூட்டர் ஆன் ஆக அடம்பிடிக்கும். ரொம்ப மலிவானதைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மாட்டும்போது கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் போர்ட்டில் மாட்டுங்கள், மதர்போர்டில் அல்ல. இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எனக்கு வரும் புகார்களில் இது அடிக்கடி வருகிறது. பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்கள். விண்டோஸ் 60லேயே உட்கார்ந்திருக்கும், 144ஐ நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பக்கத்தில் டெஸ்க்டாப் ரெசல்யூஷன், சிக்னல் ரெசல்யூஷன் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் கார்டு ஒரு அளவை வேறு அளவாக இழுத்து அனுப்புகிறது, எழுத்து மங்கலாகத் தெரியும். 143.9 என்றோ 59.94 என்றோ காட்டினால் கவலைப்படாதீர்கள், அது பழுதல்ல. 59.94 என்பது அமெரிக்கக் கலர் டிவி காலத்து மிச்சம்.

டிஸ்ப்ளே போர்ட்டிலும் 144 வரவில்லையென்றால் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறங்கள். சிலவற்றில் டிஸ்ப்ளே போர்ட் 1.1, 1.2 என்று தேர்வு இருக்கும், முன்பு வைத்திருந்தவர் 1.1ல் விட்டிருக்கலாம். கேபிள் வரும்வரை சும்மா இருக்க மனமில்லையா? எச்டிஎம்ஐயிலேயே 1080பியில் 120 ஹெர்ட்ஸ் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். 29 கோடியே 70 லட்சம்தான், வரம்புக்குள் வருகிறது. 27 இன்ச் திரையில் எழுத்து கொஞ்சம் பிசிறடிக்கும், விளையாட்டுக்குப் பரவாயில்லை.

தம்பி விஷயத்துக்கு வருவோம். கஸ்டம் ரெசல்யூஷனுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இதுதான். ஒற்றை இணைப்பு டிவிஐயின் வரம்பு 16.5 கோடி. 75 ஹெர்ட்ஸுக்கு வெற்றிடத்தைக் குறைத்தும் 17 கோடியே 45 லட்சம் ஆகிறது, இடிக்கிறது. 70 ஹெர்ட்ஸ் என்றால்? வழக்கமான வெற்றிடத்தோடு 17 கோடியே 32 லட்சம், அதுவும் இடிக்கிறது. ஆனால் டைமிங் என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை மாற்றி 'சிவிடி ரெட்யூஸ்டு பிளாங்க்' தேர்ந்தெடுத்தால் 16 கோடியே 25 லட்சத்தில் முடிந்துவிடும். கம்பி இடம் கொடுக்கிறது, திரை ஏற்குமா என்பது அதன் மனசு. ஒரேயடியாகத் தாவாமல் 62, 65, 68 என்று ஏற்றுங்கள். உற்பத்தியாளர் சொன்ன எல்லையைத் தாண்டுகிறோம் என்பதும் தம்பிக்குத் தெரிந்திருக்கட்டும்.

70 என்று எழுத்து வந்துவிட்டது என்று உடனே சந்தோஷப்பட வேண்டாம். சில மானிட்டர்கள் 70ஐ வாங்கிக்கொண்டு, உள்ளே பத்துப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 60தான் காட்டும். டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் ஃப்ரேம் ஸ்கிப்பிங் சோதனை ஒன்று இருக்கிறது, கட்டம் கட்டமாக வெளிச்சம் நகரும். போன் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டரைப் பத்தில் ஒரு நொடியாக்கி அதைப் படம் பிடியுங்கள். வெளிச்சக் கட்டங்கள் வரிசையாகத் தொடர்ந்து இருந்தால் 70 நிஜம். நடுவில் பல் விழுந்த மாதிரி ஓட்டை இருந்தால் 60க்கே திரும்பிவிடச் சொல்லுங்கள்.