முக்கலும் கூவலும்

அன்புள்ள அக்கா,

நீங்க ஒரு காலத்துல டென்னிஸ் ஆடுவீங்கன்னு எழுதியிருந்தீங்க, அந்த தைரியத்துல கேக்குறேன். ராத்திரி மேட்ச் பாக்க உக்காந்தா ஒவ்வொரு அடிக்கும் அலறல். ஷரபோவா காலத்துலயே பொறுக்க முடியலை, அப்புறம் அசரென்கா, இப்ப சபலென்கா. நான் டிவியை மியூட்ல போட்டுத்தான் பாக்குறேன். முன்னாடியெல்லாம் இந்த விளையாட்டுக்கு ஒரு கண்ணியம் இருந்துச்சு. சத்தம் போட்டா பாயிண்ட் போச்சுன்னு ஒரு ரூல் போட்டா ஒரே வாரத்துல எல்லாரும் அடங்கிடுவாங்க, ஏன் போட மாட்டேங்குறாங்க? என் பொண்ணுக்கு பன்னெண்டு வயசு, மூணு வருஷமா கோச்சிங் போறா, இப்ப அவளும் இதை ஆரம்பிச்சுட்டா. பக்கத்து கோர்ட்ல இருக்கவங்க திரும்பி பாக்குறாங்க, எனக்கு கூச்சமா இருக்கு. இன்னொரு தடவை கத்துனா கூட்டிட்டு வரமாட்டேன்னு கண்டிச்சு வெச்சேன். இப்ப சத்தம் இல்லை, ஆனா பழைய மாதிரி ஓங்கி அடிக்கவும் மாட்டேங்குறா. ரூல் வேணுமா வேணாமா, உங்க கருத்து என்ன?

ம.

தம்பி,

உங்க மெயில் வந்தப்ப நான் 1992 விம்பிள்டன் ஃபைனலை மூணாவது தடவையா பாத்துட்டு இருந்தேன். அதனாலதான் உடனே பதில், இல்லேன்னா இதுவும் மத்த கடிதங்களோட அப்படியே கிடந்திருக்கும், என் லட்சணம் பழைய வாசகர்களுக்கு தெரியும்.

அந்த மேட்ச் தெரியுமா உங்களுக்கு? மோனிகா செலஸுக்கு அப்ப 18 வயசு. உலக நம்பர் ஒன். அந்த வருஷம் ஆஸ்திரேலியன் ஓப்பன் ஜெயிச்சாச்சு, ஒரு மாசம் முன்னாடிதான் பாரிஸ்ல இதே ஸ்டெஃபி கிராஃபை மூணாவது செட் 10-8னு இழுத்து தோக்கடிச்சாச்சு. லண்டன் வந்ததும் எல்லாரும் அவ ஆட்டத்தை விட்டுட்டு அவ தொண்டையை பிடிச்சுக்கிட்டாங்க. கால் இறுதியில நதாலி தோசியா அம்பயர்கிட்ட புகார், அரை இறுதியில மார்ட்டினா நவ்ரத்திலோவா புகார், பத்திரிகைக்காரங்க சத்தத்தை அளக்க மெஷினோட கிளம்பிட்டாங்க. கடைசியில ஃபைனல் அன்னிக்கு அந்த பொண்ணு வாயை மூடிக்கிட்டு ஆடுனா. 6-2, 6-1. போச்சு.

கிராஃப் புல்தரையில எப்படின்னு எனக்கும் தெரியும், சத்தம் போட்டிருந்தாலும் தோத்திருக்கலாம், அதை வெச்சு சண்டைக்கு வராதீங்க. ஆனா அந்த மேட்ச்சை பாக்கும்போது சோஃபால உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு அடிக்கும் அவளுக்காக நான் முக்குறேன் தம்பி, நிஜமா, வயிறு வலிக்குது. செலஸ் கணக்குல 9 கிராண்ட்ஸ்லாம் பட்டம் இருக்கு, அதுல விம்பிள்டன் இல்லை. அன்னிக்கு அடக்கி ஆடுனது தப்புன்னு அவங்களே பின்னாடி வருத்தப்பட்டிருக்காங்க.

இப்ப உங்க கடிதத்தோட கடைசி வரிகளை நீங்களே இன்னொரு தடவை படிங்க. "இப்ப சத்தம் இல்லை, ஆனா பழைய மாதிரி ஓங்கி அடிக்கவும் மாட்டேங்குறா." இதை எழுதின கையாலயே ரூல் வேணுமான்னும் கேட்டிருக்கீங்களே, உங்களை என்ன சொல்றது? பக்கத்து கோர்ட்காரன் திரும்பி பாக்குறான்னு பொண்ணோட மூச்சை அடைச்சிருக்கீங்க. அவன் யாரு? அவனா அவளுக்கு ஃபீஸ் கட்டுறான்?

திட்டிட்டேன். சரி, கோச்சுக்காதீங்க, மேல படிங்க.

நான் ராக்கெட்டை தொட்டதே முப்பது தாண்டினதுக்கு அப்புறம். முதல் மாசம் நாலு அடி அடிச்சா நாக்கு தள்ளிடும். கோச் ரெண்டு நாள் ஒண்ணும் பேசாம பாத்துட்டு மூணாவது நாள் கிட்ட வந்து, "மேடம், நீங்க பந்து வரும்போது மூச்சை பிடிக்கிறீங்க, அடிச்சு முடிச்சும் விட மாட்டேங்குறீங்க, நெத்தி நரம்பு தெரியுது"ன்னார். பந்து படுற நேரத்துல வாய் விட்டு 'ஹா'ன்னு சொல்லுங்கன்னார். எனக்கு உயிரே போயிடுச்சு. நாலு பேர் இருக்குற இடத்துல ஒரு பொம்பளை 'ஹா'ன்னு கத்துறதா? ரெண்டு வாரம் மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் மழை தூறி எல்லாரும் கிளம்பிட்டாங்க, நானும் கோச்சும் பந்து பொறுக்குற பையனும்தான். சரி போகட்டும்னு ஒரு ஃபோர்ஹேண்டுக்கு வாயை திறந்தேன். காதோட ஒட்டியிருந்த தோள் ரெண்டும் அப்படியே கீழ இறங்குச்சு, ராக்கெட் தானா சுத்தி இடது தோள் மேல வந்து நின்னுச்சு, பந்து அந்தப் பக்கம் மூலைக்கு போய் வேலியில மோதுச்சு. கோச் ஒண்ணும் சொல்லலை, அடுத்த பந்தை எடுத்துட்டார். சத்தம் போட்டா அடி வேகம் கூடுமான்னு காலேஜ் ஆட்டக்காரங்களை வெச்சு அளந்து பாத்த ஒரு ஆய்வு 2014-ல வந்துச்சு, சர்வ்லயும் ஃபோர்ஹேண்ட்லயும் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதுன்னு. எனக்கு அது தேவைப்படலை, அந்த வேலி சத்தமே போதும்.

கண்ணியம்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க. எந்த காலம்னு சொல்லுங்க, போய் பாத்துட்டு வரலாம். எழுபதுகள்லயே ஜிம்மி கானர்ஸ் ஒவ்வொரு அடிக்கும் முக்கிக்கிட்டுத்தான் ஆடுனார். 1988 யூ.எஸ். ஓப்பன்ல ஆண்ட்ரே அகாசி சத்தத்தால தன் டைமிங் கெடுதுன்னு இவான் லெண்டில் புகார் சொன்னார். நடால் ஆடுன மேட்ச் எதையும் நீங்க மியூட் போட்டு பாத்ததா எழுதலையே? உங்க லிஸ்ட்ல மூணு பேர், மூணும் பொண்ணுங்க. இதை பத்தி இதுக்கு மேல நான் பேசலை, நீங்களே யோசிச்சுக்குங்க.

ரூல் இல்லைன்னு யார் சொன்னா? இருக்கு. எதிராளி வேணும்னு இடைஞ்சல் பண்ணா பாயிண்ட் உங்களுக்கு, தெரியாம பண்ணியிருந்தா அந்த பாயிண்டை திரும்ப ஆடணும். 2011 யூ.எஸ். ஓப்பன் ஃபைனல்ல செரீனா ஒரு ஃபோர்ஹேண்டை போட்டுட்டு, அது ஜெயிச்சாச்சுன்னு நினைச்சு "கம் ஆன்"னு கத்துனாங்க, பந்து இன்னும் ஆட்டத்துலதான் இருந்துச்சு, சமந்தா ஸ்டோசர் ராக்கெட்டை எட்டி அதுல வெச்சுட்டாங்க. அம்பயர் ஈவா அஸ்டராகி பாயிண்டை ஸ்டோசருக்கு கொடுத்துட்டாங்க, அதுலயே ரெண்டாவது செட்டோட முதல் கேம் போச்சு, மேட்ச்சும் 6-2, 6-3னு போச்சு. ஆக, வார்த்தையா கத்துனா பிடிக்கிறாங்க, வார்த்தை இல்லாம கத்துனா அது அவங்க சுபாவம்னு விட்டுடுறாங்க. இது எனக்கு கடைசி வரைக்கும் புரியாத ஒண்ணு.

இப்ப எனக்கு பிடிச்ச இடத்துக்கு வர்றேன். நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்லுவேன்.

டென்னிஸ் காதால ஆடுற விளையாட்டு. சிரிக்காதீங்க. அஞ்சு வருஷம் முன்னாடி டிராப் ஷாட், அதான் வலையை ஒட்டி விழுற மாதிரி மெதுவா தட்டி விடுற பந்து, எதுவுமே எனக்கு எட்டாம போச்சு. எல்லாத்துக்கும் அரை அடி லேட். முட்டி போயிடுச்சுன்னு நினைச்சு எக்ஸ்ரே எடுத்தேன், தைலம் தேய்ச்சேன், கூட ஆடுற பழைய சிநேகிதி "வயசுடி"ன்னா. அந்த சமயத்துலதான் காது மந்தமாகி மெஷின் வாங்கியிருந்தேன், வேர்வை பட்டா கெட்டுடும்னு ஆடும்போது கழட்டி பையில வெச்சுடுவேன். ஒரு நாள் மறந்து போய் அதோடவே இறங்கிட்டேன். முதல் டிராப் ஷாட்டுக்கே கால் தானா கிளம்பிடுச்சு தம்பி! பந்து வலையை தாண்டுறதுக்குள்ள நான் பாதி தூரம் வந்துட்டேன். என்னடான்னு நின்னு யோசிச்சா, சிநேகிதி ராக்கெட்ல இருந்து 'சர்க்'னு ஒரு தேய்ப்பு சத்தம் வந்துச்சு, அது என் காதுல விழுந்துருச்சு. நேரா அடிச்சா 'டப்', பந்தை மேல்பக்கமா தேய்ச்சு சுழல விடுற டாப்ஸ்பின் போட்டா கொஞ்சம் கம்மலா 'தொப்', கீழ்பக்கமா வெட்டுற ஸ்லைஸ்னா 'சர்க்', ஃபிரேம்ல பட்டா கட்டையில தட்டுன மாதிரி. இதெல்லாம் கேட்டுத்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கேன், எனக்கே தெரியாம. கோர்ட் நீளம் 23.77 மீட்டர், அந்தக் கோடியில இருந்து சத்தம் வர ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது, பந்து வர்றதுக்கு அதைவிட பத்து மடங்கு ஆகும். காதுதான் முதல்ல சேதி சொல்லுது.

2016-ல நியூயார்க் பெரிய ஸ்டேடியத்துக்கு கூரை போட்ட புதுசுல, கூரை மேல மழை கொட்டுற சத்தத்துல பந்து சத்தமே கேக்கலைன்னு ஆண்டி மர்ரே சொன்னார், நாங்க காதையும் வெச்சுத்தான் ஆடுறோம்னு. ஜப்பான்ல மியோஷி டகேய்னு ஒருத்தர் 1984-ல பார்வை இல்லாதவங்களுக்கான டென்னிஸையே உண்டாக்குனார், ஸ்பாஞ்ச் பந்துக்குள்ள கிலுகிலுப்பை வெச்சு, அது தரையில விழுற சத்தத்தை வெச்சே ஓடிப்போய் அடிக்கிறாங்க. யூட்யூப்ல தேடி பாருங்க, பாத்துட்டு வந்து என்கிட்ட டென்னிஸ் கண்ணாலதான்னு சொல்லுங்க பாக்கலாம்.

அதனால, புகார் சொல்றவங்க எல்லாம் வயித்தெரிச்சல்ல சொல்லலை. நவ்ரத்திலோவா இதை ஏமாத்து வேலைன்னே சொன்னவங்க, ராக்கெட்ல பந்து படுற சத்தத்தை இந்த கத்தல் மறைச்சுடுதுன்னு. 2010-ல கனடாவுலயும் ஹவாய்லயும் இருக்குற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 33 பேருக்கு வீடியோ போட்டு காட்டி, பந்து எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டாங்க. அடிக்கும்போது கூடவே ஒரு இரைச்சல் வந்தா பதில் சொல்ல 21-ல இருந்து 33 மில்லிசெகண்ட் லேட், தப்பும் கூடுது. என்னடா பிசாத்துன்னு நினைப்பீங்க, அந்த நேரத்துல பந்து ரெண்டு அடி வந்துடும். நான் தவறவிட்ட அரை அடி ஞாபகம் இருக்கா?

அப்ப நீ எந்தப் பக்கம்னு கேப்பீங்க. நம்ம மொழியிலயே பதில் இருக்கு. முக்கல் வேற, கூவல் வேற. மூட்டை தூக்குறவர், ஆணி அடிக்கிறவர், பிள்ளை பெறுற பொம்பளை எல்லாரும் முக்குறாங்க, வேலை முடிஞ்சதும் அது நின்னுடும். பந்து ராக்கெட்ல ஒட்டியிருக்கிறது ஒரு செகண்ட்ல 200-ல ஒரு பங்கு, அவ்வளவுதான். அதுக்கு கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சு அதோட முடியுற மூச்சு அடிக்கு உதவுது, அது என் காதை கொஞ்சம் மறைச்சாலும் மறைச்சுட்டு போகட்டும், பொழைச்சு போ. ஆனா பந்து வலையை தாண்டி எதிராளி தரையில குத்துன பின்னாடியும் 'ஊஊஊ'ன்னு ஒரு இழுவை போகுது பாருங்க, அசரென்காகிட்ட அது நல்லா தெரியும், அது எந்த அடிக்காக? அடி முடிஞ்சு போச்சே! அது முக்கல் இல்லை, கூவல். அதுக்கு இருக்குற ரூலையே எடுத்து வீசலாம், புதுசா ஒண்ணும் வேணாம். டெசிபல் மெஷின் எல்லாம் வெட்டி வேலை. 2009-ல ஷரபோவாவுக்கு 101, மிஷேல் லார்ஷே டி பிரிட்டோன்னு ஒரு போர்ச்சுகல் பொண்ணுக்கு 109னு எல்லா பத்திரிகையிலயும் நம்பர் வந்துச்சு, அதை வெச்சு என்ன பண்ணுனாங்க? 2012-ல பெண்கள் டென்னிஸை நடத்துற டபிள்யூ.டி.ஏ. அமைப்பு, அம்பயர் கையில அளக்குற கருவி கொடுப்போம், அகாடமியில சின்னப் பிள்ளைங்கள்ல இருந்தே பழக்கத்தை மாத்துவோம்னு அறிவிச்சாங்க. நீங்க இன்னும் மியூட் பட்டனை அமுக்கிக்கிட்டு இருக்கீங்க. எவ்வளவு சத்தம்னு கேக்காதீங்கய்யா, எப்ப முடியுதுன்னு கேளுங்க, எந்த அம்பயருக்கும் அது காதுல விழும்.

ரொம்ப தூரம் போயிட்டேன். பாப்பா விஷயம்.

அவகிட்ட போய் இனிமே கத்திக்கோன்னு பெருந்தன்மையா அனுமதி எல்லாம் கொடுக்காதீங்க, அது இன்னும் கொடுமை, அடுத்த அடி அடிக்கும்போது அப்பா என்ன நினைக்கிறார்னு யோசிப்பா. அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மான்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடுங்க. பன்னெண்டு வயசுல டிவியில பாத்து இழுத்து இழுத்து கூவுறான்னா கோச் பாத்துப்பார், அது அவர் வேலை.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. மியூட்லயே இத்தனை வருஷம் பாத்து பாதி ஆட்டத்தை விட்டுட்டீங்க. சனிக்கிழமை கூட்டிட்டு போவீங்கல்ல, வேலிக்கு வெளிய, கோர்ட்டுக்கு முதுகை காட்டி நின்னுக்கிட்டு கண்ணை மூடிக்குங்க. அவ அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் இது டாப்ஸ்பின்னா ஸ்லைஸான்னு மனசுக்குள்ள சொல்லுங்க, சொல்லிட்டு திரும்பி சரியான்னு பாருங்க. முதல் நாள் பத்துக்கு நாலு வந்தாலே பெரிசு. எத்தனை வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, அந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுவேன்.

அக்கா