பதினான்காம் லூயியும் ஓர் ‘ஆனாலும்’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் புதுச்சேரியில் வரலாறு படிக்கும் முதுகலை மாணவன். 1789இல் பிரான்சின் அரியணையில் இருந்த பதினாறாம் லூயி உறுதியற்ற மனிதர் என்று படிக்கிறோம். அந்த இடத்தில் பதினான்காம் லூயி இருந்திருந்தால் புரட்சியே வந்திருக்காது அல்லவா? ‘நானே அரசு’ என்று சொன்னவர் அவர். அவருடைய போர்களிலும் பஞ்சங்களிலும் சில லட்சம் பேர் இறந்திருக்கலாம். ஆனாலும் வெர்சாய் அரண்மனை, பிரெஞ்சு மொழியின் பெருமை, ஐரோப்பாவின் முதல் வல்லரசு என்ற நிலை எல்லாம் அவர் தந்தவைதானே? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

சில வாரங்களாக நான் பதினான்காம் லூயி காலத்து வோபான் என்பவரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் உடனே எழுதுகிறேன்.

‘நானே அரசு’ என்று லூயி சொன்னதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. அதைத் தேர்வில் எழுதாதீர்கள். மொழியின் பெருமையை இன்னொரு நாள் பேசுவோம். என்னால் கடந்து போக முடியாதது ‘சில லட்சம் பேர் இறந்திருக்கலாம், ஆனாலும்’ என்ற உங்கள் வாக்கியம். வரலாறு படிக்கிறவர் அப்படி எழுதலாமா? 1693-94 பஞ்சத்தில் மட்டும் வழக்கமான சாவுகளுக்கு மேல் ஏறத்தாழ 13 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றைய பிரான்சின் மக்கள்தொகை இரண்டு கோடியை ஒட்டியது. விளைச்சல் பொய்த்தது மழையால்தான். ஆனால் அதே நேரத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களுக்குத் தானியமும் வரியும் போய்க்கொண்டிருந்தது மன்னரின் முடிவால். உங்கள் ஊரையே 1693இல் டச்சுக்காரர் பிடித்துக்கொண்டது அன்று ஐரோப்பாவில் லூயி நடத்திய ஒன்பதாண்டுப் போரின் ஒரு கிளைதான். 1697இல் ரைஸ்விக்கில் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகும் 1699இல்தான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. பிறகு 1709 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் விதைத்த பயிர் மண்ணுக்குள்ளேயே கருகியது. அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் மேலும் ஆறு லட்சம் பேர் போனார்கள். அப்போதும் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது.

இந்த மக்களை எண்ண வேண்டும் என்று வற்புறுத்தியவர் மன்னரின் எதிரி அல்லர், அவருடைய தலைசிறந்த கோட்டைப் பொறியாளர். செபாஸ்தியான் வோபான் ஐம்பதுக்கு அருகில் முற்றுகைகளை நடத்தியவர். 1673இல் மாஸ்ட்ரிக்ட் நகரைச் சுற்றி இணைகோடுகளாகப் பதுங்குகுழிகளை வெட்டி, படிப்படியாக நெருங்கி, இரண்டு வாரத்துக்குள் அதை மன்னரின் காலடியில் வைத்தவர். வெடிமருந்தை அதிகம் எரிப்போம், இரத்தத்தைக் குறைவாகச் சிந்துவோம் என்பது அவர் கொள்கை. புதுச்சேரியில் பின்னால் எழுந்த லூயி கோட்டைகூட அவர் பாணியில் அமைந்த ஐங்கோணக் கோட்டைதான். கோட்டைகளுக்காக நாடு முழுவதும் சுற்றிய அந்த மனிதர் போகிற வழியெல்லாம் வீடுகளையும் மாடுகளையும் எண்ணினார். 1686இலேயே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு முறையை வகுத்து, ஆண், பெண், சிறுவர், சிறுமியர், பணியாளர் என்று கட்டங்கள் போட்டு அச்சிட்டார். ஒரு பன்றி பத்துத் தலைமுறையில் எத்தனையாகும் என்று கணக்குப் போட்டு, அறுபது லட்சத்துக்கு மேல் என்று விடை கண்டார். ஏழை வீட்டில் ஒரு பன்றி இருந்தால் என்ன ஆகும் என்பதே அவர் கவலை.

1696இல் தம் சொந்த வட்டாரமான வெஸ்லேயைத் தேவாலயப் பங்கு வாரியாகக் கணக்கெடுத்து ஓர் அறிக்கை எழுதினார். அங்குள்ள எளிய மக்கள் வாற்கோதுமையையும் ஓட்ஸையும் கலந்து, தவிடுகூட நீக்காமல் ரொட்டி சுட்டுத் தின்கிறார்கள். வருடத்தில் மூன்று முறைகூட இறைச்சி உண்பதில்லை. உப்பைக் கொஞ்சமாகத்தான் சேர்க்கிறார்கள். கோடையிலும் குளிரிலும் பாதி இற்றுப்போன கிழிந்த துணிதான் உடை. மரச்செருப்புக்குள் வருடம் முழுவதும் வெறுங்கால். உப்பு ஏன் குறைவு என்று கேட்கிறீர்களா? அந்த நாட்டில் உப்பு மன்னருடைய ஏகபோகம். அவர் விதித்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். பல மாகாணங்களில் இத்தனை அளவு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. வெர்சாயின் கண்ணாடிக் கூடத்தைப் பார்க்கும்போது இந்த உப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1991இல் நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். ஒரு வீட்டில் அம்மாள் ஒருவர் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டே வந்தேன். நான்காவது பெயரை எழுதி வயதைக் கேட்டபோது, “போன மாசம் போயிட்டா சார், அவளயும் எழுதிக்கலாமில்ல?” என்றார். விதிப்படி அந்த வரியை அடித்தேன். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ‘சில லட்சம்’ என்று யார் எழுதினாலும் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் வந்த கோபமும் அதுதான். நீங்கள் கல்நெஞ்சக்காரர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பாடநூல்கள் அரண்மனைகளை விரிவாகவும் பட்டினியை அரை வரியிலும் எழுதிப் பழக்கிவிட்டன.

வோபான் தம் கணக்கையெல்லாம் ‘அரச தசமபாகம்’ என்ற நூலாக்கினார். மக்களில் பத்தில் ஒரு பங்கு பிச்சையெடுக்கிறது. ஐந்து பங்கு பிச்சை போடும் நிலையில் இல்லை. மூன்று பங்கு கடனிலும் வழக்கிலும் தவிக்கிறது. மீதி ஒரு பங்கில்தான் பிரபுக்களும் குருமாரும் அதிகாரிகளும் வருகிறார்கள் என்று அதில் எழுதினார். பழைய வரிகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டு, பிரபுக்கள், குருமார் உட்பட எல்லாருடைய வருமானத்திலும் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை ஒரே சீராக எடுங்கள் என்பது அவர் யோசனை. அனுமதியில்லாமல் அச்சிட்ட அந்த நூலை 1707இன் தொடக்கத்தில் மன்னரின் அவை தடை செய்து, பிரதிகளைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. மார்ச் 30 அன்று வோபான் 73 வயதில் இறந்தார். மூன்றே ஆண்டுகளில், 1710 அக்டோபரில், போருக்குப் பணமில்லாமல் அதே மன்னர் பத்தில் ஒரு பங்கு வரியை விதித்தார். பழைய வரிகள் எதையும் நீக்காமல், அவற்றின் மேல் இன்னொன்றாக. குருமார் ஒரு தொகையைக் கொடுத்து விலக்கு வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் கேள்விக்கு விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. 1787இல் பதினாறாம் லூயியின் நிதி அமைச்சர் கலோன், எல்லா நிலத்துக்கும் வரி என்று ஏறத்தாழ வோபானின் யோசனையையே பெரியமனிதர்களின் சபையில் வைத்தார், அவர்கள் இசையவில்லை. அடுத்த ஆண்டு அரசின் செலவில் பாதி கடனுக்கே போனது. அந்தக் கடனில் பெரும்பகுதி பிற்காலப் போர்களில் சேர்ந்தது. ஆனால் போரைக் கடனில் நடத்தி, செல்வர்களுக்கு விலக்கும் பதவியும் விற்று ஈடுகட்டும் பழக்கத்தை 72 ஆண்டுகள் அரியணையில் இருந்து ஊன்றியவர் நீங்கள் வியக்கும் மன்னர்தான். போரை மிகவும் நேசித்துவிட்டேன், என்னைப் பின்பற்றாதே என்று 1715இல் மரணப் படுக்கையில் ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனிடம் அவரே சொன்னார்.

வெஸ்லே அறிக்கை நீண்டதன்று. பிரெஞ்சு அறிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வரிவரியாகப் படியுங்கள். படித்த பிறகு அந்த வாக்கியத்தைத் திருத்தி எனக்கு மீண்டும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.