ஆன்டிபாடியில் சாயம் ஏறவில்லையே, அக்கா!

கேள்வி: அக்கா, வீடு சாட்ஸ்வொர்த், டர்பனில் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஐஜிஜி ஆன்டிபாடியில் (நோய் எதிர்ப்புப் புரதம்) என்எச்எஸ் ஃப்ளோரசின் என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றப் பார்க்கிறேன், ஏறவே மாட்டேன் என்கிறது. பெரிய மூலக்கூறை முன்னாலும் சிறியதைப் பின்னாலும் விடும் டீசால்ட்டிங் குழாயில் முதலில் இறங்கும் புரதத்தில் நிறமே இல்லை, மஞ்சள் எல்லாம் கடைசியில் தனியாக வடிகிறது. புரதம் 0.5 மி.கி./மி.லி., பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) 50 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 8. சாயம் கெட்டுவிட்டதா?

பதில்: சாயத்தைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ட்ரிஸைப் பார், தங்கச்சி. சாயத்தில் ஒட்டும் பகுதியான என்எச்எஸ் எஸ்டர் பிடித்துக்கொள்வது முதல்நிலை அமீனை (NH2 தொகுதி), அது புரதத்தில் முக்கியமாக லைசின் என்ற அமினோ அமிலத்தில் இருக்கிறது, ஆனால் ட்ரிஸ் மூலக்கூறிலும் அதே அமீன் உண்டே! கணக்குப் போட்டுப் பார்: உன் ஆன்டிபாடி ஏறத்தாழ 3.3 மைக்ரோமோலார், ட்ரிஸோ 50 மில்லிமோலார், அதாவது ஒரு ஆன்டிபாடிக்கு 15,000 ட்ரிஸ், அப்புறம் சாயம் எங்கே புரதத்துக்கு மிஞ்சும்? கிளைசின் இருந்தாலும் இதே கதிதான். விலைக்கு வாங்கிய ஆன்டிபாடி என்றால் கூட வந்த தாளையும் படி; பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) கலந்திருந்தால் சாயம் அதிலும் ஏறிவிடும், டயாலிசிஸ் (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) செய்தாலும் அது போகாது.

சரி, இனி செய்ய வேண்டியது. 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட், பிஎச் 8.3, இதில் ராத்திரி முழுக்க 4 டிகிரியில் டயாலிசிஸ் செய், நடுவில் பஃபரை மாற்று. பிறகு புரதத்தை 2 மி.கி./மி.லி.க்கு மேல் செறிவாக்கு. இதை மட்டும் விட்டுவிடாதே, ஏனென்றால் தண்ணீரே இந்த எஸ்டரை உடைக்கும்: பிஎச் 7, 0 டிகிரியில் பாதி உடைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும், பிஎச் 8.6, 4 டிகிரியில் வெறும் 10 நிமிடம். புரதம் நீர்த்திருந்தால் தண்ணீர் முந்திக்கொள்ளும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த சாயக் குப்பியை உடனே திறக்காதே. டர்பன் ஜனவரி மாதத்துக் காற்றில் இருக்கும் ஈரம் அப்படியே உள்ளே படிந்துவிடும்; குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து, ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ கரைப்பானில் அவ்வப்போது தேவையானதை மட்டும் கரை. மோல் கணக்கில் ஆன்டிபாடியைப் போல 10 மடங்கு சாயம், இருட்டில் ஒரு மணி நேரம், போதும். வினையை நிறுத்த அந்த ட்ரிஸையே இப்போது ஊற்றலாம்.

நிறம் நன்றாக வரட்டும் என்று சாயத்தை அள்ளிப் போடாதே, ஆன்டிபாடி வீழ்படிவாகும், தன் இலக்கான ஆன்டிஜெனைப் பிடிக்கும் திறனும் குறையும். அளக்கும்போது ஒன்று: 280 நானோமீட்டரில் சாயமும் ஒளியை உறிஞ்சும். 494-இல் கிடைக்கும் அளவில் சுமார் 30 சதவீதத்தை 280-இலிருந்து கழித்துவிட்டுப் புரதத்தைக் கணக்கிடு, இல்லாவிட்டால் நன்றாக ஏறிய சாயமும் குறைவாகத்தான் தெரியும்.