பிரசங்கம் பண்ணாம விசுவாசத்தை வாழ்ந்து காட்டறது எப்படிங்க?

திருப்பூர்ல சின்னதா பனியன் யூனிட் வெச்சிருக்கேன், ஒரு கிறிஸ்தவனா சுத்தி இருக்கறவங்களுக்கு எப்படி பிரயோஜனமா இருக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா சனிக்கிழமை சாயந்திரம், சம்பளம் போடற நேரத்துல இருந்து ஆரம்பிங்க.

பீஸ் ரேட்ல தைக்கற அக்காங்க எத்தனை டஜன்னு ஒரு சின்ன நோட்டுல எழுதி வெச்சிருப்பாங்க, அதையும் உங்க கணக்கையும் அவங்க முன்னாடியே கூட்டிப் பாருங்க, வித்தியாசம் வந்தா உக்காந்து தேடுங்க, பார்ட்டி பேமெண்ட் வரலைன்னு சொல்லி அவங்க கூலிய அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீங்க. பிடிச்சு வெச்ச கூலி கூக்குரலிடுதுன்னு யாக்கோபு 5:4ல நேராவே இருக்குங்க. வரி வசூல் பண்ணிட்டிருந்த சகேயுவும் இயேசு வீட்டுக்கு வந்ததும் சாட்சி சொல்லி மைக் பிடிக்கலை, ஏமாத்தினத நாலத்தனையா திருப்பித் தரேன்னுதான் சொன்னான் (லூக்கா 19).

அடுத்தது சாயம். சாயக் கழிவால நொய்யல் ஆறு கெட்டு, 2011ல ஹைகோர்ட்டே சாயப்பட்டறைகள மூடச் சொன்ன ஊரு இது. ரேட் கம்மின்னு, ராத்திரியோட ராத்திரியா கழிவுத் தண்ணிய திறந்து விடற பட்டறைக்குத் துணி குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரம் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க, ஆத்துத் தண்ணி ஒரத்துப்பாளையம் பக்கம் வெவசாயம் பண்றவங்க காட்டுக்குத்தான் போகும்.

ஈரோட்ல பிரப் ரோடுங்கறோமே, அது ஒரு மிஷனரி பேரு. ரோட்டுக்குப் பேர் வெக்கற அளவுக்கெல்லாம் நீங்க செய்ய வேண்டாம். பக்கத்து வீட்ல எழவுன்னா கூப்பிடாமயே போய் நில்லுங்க, மாரியம்மன் நோம்பிக்கு சொந்தக்காரங்க வந்தா உங்க வாசல்ல வண்டி நிறுத்திக்கச் சொல்லுங்க. சபைக் கூட்டத்துக்கு ஸ்பீக்கர் சவுண்டையும் கொஞ்சம் கொறைச்சுட்டீங்கன்னா தெருவே சந்தோசப்படும்.